காளையை வரைந்த இளைஞன்: ஒல்லாந்து ஓவியர் பவுலுஸ் பொட்டரின் வாழ்வு



ஒரு படத்தை உங்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் உயரம் 235 சென்ரிமீற்றர்; அகலம் 339 சென்ரிமீற்றர். அடிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 8 அடிக்கு 11 அடி. நமது வீட்டு விறாந்தைச் சுவரொன்றை முழுமையாக மூடிவிடக்கூடிய அளவு. இத்துணை பெரிய சீலையிலே ஓவியர் யாரை வரைந்திருப்பார்? குதிரைமீது அமர்ந்த மன்னனையா? வெற்றிவாகை சூடிய தளபதியையா? வேதசாட்சி ஒருவரின் மரணத்தையா? அல்ல. படத்தின் நடுவே நிற்பது ஓர் இளங்காளை. நம் ஊர்ப் பேச்சிலே சொல்வதானால் ஒரு நாம்பன்.

அந்தக் காளையின் பக்கத்திலே ஒரு பசு படுத்திருக்கிறது. அதன் மூக்கு ஈரமாக மினுங்குகிறது. வாயிலிருந்து உமிழ்நீர் வழிகிறது. மரத்தடியிலே ஒரு செம்மறிக்கடா, ஒரு பெண்ணாடு, ஒரு குட்டி. வேலிக்குப் பின்னால் மரத்தோடு ஒதுங்கி நிற்கிறார் கமக்காரர் ஒருவர். கிட்ட நெருங்கிப் பார்த்தால் காளையின் முதுகிலே ஈக்கள் மொய்ப்பது தெரியும். கீழே புல்லுக்குள் ஒரு தவளை, அருகே சாணம். மேலே முகிலுக்கடியில் ஒரு வானம்பாடி சிறகடித்துக்கொண்டிருக்கிறது. தூரத்தே புல்வெளி தாழ்ந்து விரிந்து செல்ல, தொடுவானத்திலே றைஸ்வைக் என்ற கிராமத்தின் கோயில் கோபுரம் ஊசிமுனைபோல் தெரிகிறது.

இந்தப் படம் 1647ஆம் ஆண்டு வரையப்பட்டது. வரைந்தவருக்கு அப்போது வயது 21 அல்லது 22. பெயர் பவுலுஸ் பொட்டர். இன்று இப்படம் ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரிலுள்ள மொரிட்ஸ்ஹௌஸ் நூதனசாலையில் இருக்கிறது. உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து, ஒரு நாம்பனுக்கு முன்னால் மௌனமாக நின்றுவிட்டுப் போகிறார்கள். 28 வயதிலேயே மறைந்துபோன அந்த இளைஞரின் கதையை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நமக்குத் தெரிந்த பெயர்கள்

ஒல்லாந்தர் என்றதும் நம்மில் பலருக்கு மனம் கசப்பது இயல்பே. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் வசமானது. அதன் பின்னர் நமது ஆலயங்கள் பறிக்கப்பட்டன; குருக்கள் வெளியேற்றப்பட்டனர்; கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடமளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. 1687இல் புனித யோசேப் வாஸ் அடிகளார் ஏழையின் கோலத்திலே இந்நாட்டுக்குள் வரவேண்டியிருந்ததும் அதனாலேயே. இவற்றை மறக்கவேண்டுமென்று எவரும் சொல்லமாட்டார்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஒல்லாந்தர் நமது தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று; வேலணை லெய்டன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. இந்த மூன்று நகரங்களிலும் வாழ்ந்தவர் பொட்டர். லெய்டனில் தவழ்ந்தார், அம்ஸ்ரர்டாமில் வளர்ந்தார், டெல்வ்றில் தொழில் தொடங்கினார். நமது கடலிலே பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அப்பெயர்களுக்குரிய ஊர்களின் புறத்தே, புல்வெளிகளில் அமர்ந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். நம்மை ஒடுக்கிய ஒரு தேசத்திலும் இப்படியொரு கண் இருந்தது என்பதை அறிந்துகொள்வதில் நமக்கு இழப்பு எதுவுமில்லை.

தண்ணீரிடமிருந்து மீட்ட புல்வெளி

ஒல்லாந்தின் வட பகுதியிலே என்கௌசன் என்றொரு துறைமுகப் பட்டினம். மீன்பிடியாலும் கடல் வாணிபத்தாலும் செழித்த ஊர். கீழைத்தேசங்களோடு வாணிபம் செய்த ஒல்லாந்து கிழக்கிந்தியக் கொம்பனிக்கு ஆறு நகரங்களில் கிளைச் சபைகள் இருந்தன. அவற்றில் என்கௌசனும் ஒன்று. அங்கே 1625 நவம்பர் 20ஆந் திகதி பவுலுஸ் ஞானஸ்நானம் பெற்றார். தந்தை பீற்றர் பொட்டர் ஓர் ஓவியர். குடும்பம் 1628 அளவில் லெய்டனுக்கும், 1631 அளவில் அம்ஸ்ரர்டாமுக்கும் இடம்பெயர்ந்தது.

அந்த நாட்டு நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அங்கே நிலம் என்பது பெரும்பாலும் கடலிடமிருந்தும் ஏரிகளிடமிருந்தும் மனிதர் போராடிப் பெற்றுக்கொண்ட ஒன்று. பொட்டர் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1607க்கும் 1612க்கும் இடையில், பேம்ஸ்ரர் என்ற பெரிய ஏரியைச் சுற்றி அணைகட்டி, காற்றாடி ஆலைகளால் நீரை இறைத்து வற்றச்செய்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் அந்த வேலையில் ஈடுபட்டன. ஏரியின் அடித்தரை சுமார் 7,000 ஹெக்டேயர் விளைநிலமாயிற்று. அதற்குப் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் அம்ஸ்ரர்டாம் வர்த்தகர்களே. இப்படி மீட்ட நிலம் ஈரம் நிறைந்தது. தானியத்தைவிடப் புல்லுக்கு மிக உகந்தது. ஆகவே அந்நாடு மாடு வளர்த்தது. வெண்ணெயும் பாற்கட்டியும் செய்து ஏற்றுமதி செய்தது. டென்மார்க்கிலிருந்து எருதுகளை ஓட்டிவந்து அந்தப் புல்வெளிகளிலே கொழுக்கவைத்து விற்றது.

ஆகவே ஒல்லாந்தருக்கு மாடு ஒரு மிருகம் மாத்திரமன்று. நாட்டின் செல்வத்துக்கே அடையாளம். பொட்டரின் காளையைப் பார்க்கும்போது இதனை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பீடத்திலிருந்து வீட்டுச் சுவருக்கு

மாட்டையும் மரத்தையும் மேகத்தையும் தனியாக வரைவது அக்காலத்திலே ஒரு புதுமை. அதற்கு முன் ஐரோப்பிய ஓவியத்தில் இயற்கைக் காட்சி பெரும்பாலும் பின்னணியாகவே இருந்தது. எகிப்துக்குத் தப்பியோடும் திருக்குடும்பத்தின் பின்னால் ஒரு மலை. பாலன் பிறந்த தொழுவத்திலே ஒரு மாடு. மாடு அங்கே துணைப்பாத்திரம். முன்வரிசை புனிதர்களுக்கு உரியது.

ஒல்லாந்திலே இந்நிலை மாறியதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1566இல் நெதர்லாந்து தேசமெங்கும் ஆலயங்களுக்குள் கூட்டங்கள் புகுந்து சுரூபங்களையும் படங்களையும் உடைத்தெறிந்தன. பின்னர் ஸ்பானிய மன்னருக்கு எதிரான நீண்ட யுத்தத்தின் நடுவே வட மாகாணங்கள் கல்வினிய சபையின் ஆதிக்கத்துக்குள் வந்தன. கத்தோலிக்கரின் பகிரங்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. அவர்கள் வீட்டு மாடிகளிலே ஒளித்தமைத்த சிற்றாலயங்களில் பூசை கண்டனர். வெள்ளையடிக்கப்பட்ட கோயில்களிலே பீடப் படங்களுக்கு இடமில்லை. நூற்றாண்டுக்கணக்காக ஓவியர்களுக்குப் பெருந்தொழில் கொடுத்த கை இவ்வாறு மூடிக்கொண்டது.

ஓவியர்கள் வேறு வாசல்களைத் தட்டினார்கள். வர்த்தகர், மருத்துவர், வெதுப்பகக்காரர் ஆகியோரின் வீடுகளே அவை. வீட்டுச் சுவருக்கு ஏற்ற சிறிய படங்கள் சந்தைகளிலேயே விற்பனையாயின. 1641இல் றொட்டர்டாம் சந்தைக்குச் சென்ற ஜோன் ஈவ்லின் என்ற ஆங்கிலேயர், சாதாரண கமக்காரரும் படம் வாங்குவதைக் கண்டு வியந்து தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். மக்கள் எதை விரும்பி வாங்கினார்கள்? தம் கண்ணுக்குப் பழகிய ஆற்றை, காற்றாடி ஆலையை, பனியுறைந்த வாய்க்காலை, மேய்ச்சல் நிலத்தை. யான் வான் கோயன் சாம்பல் நிற ஆறுகளையும் தாழ்ந்த மேகங்களையும் வரைந்தார். யாக்கோப் வான் ரூய்ஸ்டால் பெருமரங்களையும் பரந்த வானத்தையும் வரைந்தார். அல்பேர்ட் கைப் மாலை வெயிலிலே பொன்னாய்க் குளிக்கும் பசுக்களை வரைந்தார். இவர்களுள் மிருகத்தை அதன் மிக அருகே சென்று பார்த்தவர் பொட்டர்.

ஊசியும் தூரிகையும்

பவுலுஸ் தொழில் பழகியது தந்தையின் பட்டறையிலே. வர்ணக் கட்டிகளை அரைத்து எண்ணெயில் குழைப்பது முதல் சீலையை இழுத்து அறைவது வரை, அக்கால ஓவியப் பட்டறையிலே பிள்ளைகளுக்கு வேலை நிறைய இருந்தது. 1643இல், வயது பதினெட்டை எட்டுவதற்குள்ளாகவோ எட்டியதுமோ, மாடு மேய்ப்பவன் ஒருவனைக் காட்டும் செப்புத்தகட்டு ஓவியமொன்றைச் செய்தார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தில் அரிக்கவிட்டு, பின் மை பூசிக் கடதாசியில் அழுத்தி எடுக்கும் முறை அது. ஊசிமுனையிலே பிழை விட்டால் எளிதில் அழிக்க முடியாது. அந்தப் படத்திலேயே மாடுகளின் எலும்பும் தோலும் தசை மடிப்பும் அந்த இளைஞருக்குப் பாடமாகியிருப்பது தெரிகிறது. அடுத்த ஆண்டு ஓர் இடையனின் படம் வந்தது. 1650இல் மாடுகளை மாத்திரம் காட்டும் எட்டுப் படங்கள் கொண்ட தொகுதியையும், 1652இல் குதிரைகளின் ஐந்து படங்களையும் வெளியிட்டார்.

குதிரைத் தொகுதியை இங்கே சிறிது நின்று பார்க்கவேண்டும். வலிமையுள்ள குதிரையிலே தொடங்கும் அத்தொகுதி, உழைத்துக் களைத்த வண்டிக் குதிரைகளைக் கடந்து, இறுதியிலே செத்துக்கிடக்கும் ஒரு கிழட்டுக் குதிரையோடு முடிகிறது. மனிதருக்காக உழைத்துத் தேய்ந்த ஒரு சீவனின் முடிவை இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர் வெறும் அழகுக்காக மாடு வரைந்தவர் அல்லர்.

புனித லூக்காஸின் சங்கத்தில்

1646 ஆகஸ்ட் மாதத்தில் பொட்டர் டெல்வ்ற் நகரிலுள்ள புனித லூக்காஸ் சங்கத்தில் அங்கத்தவரானார். சுவிசேஷகரான புனித லூக்காஸ் தேவமாதாவின் படத்தை வரைந்தார் என்ற பாரம்பரியத்தினால், ஐரோப்பிய ஓவியர்கள் அவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டிருந்தனர். கோயில்களிலிருந்து புனிதர்களின் சுரூபங்கள் அகற்றப்பட்ட நாட்டிலும் ஓவியரின் சங்கம் அந்தப் பெயரைக் கைவிடவில்லை. அச்சங்கத்தில் சேராதவர் நகரில் படம் விற்க இயலாது.

அடுத்த ஆண்டிலேயே அந்தப் பெரிய காளை பிறந்தது. அதன் வரலாறு சுவையானது. முதலில் பொட்டர் இவ்வளவு பெரிய படத்தைத் திட்டமிடவில்லை. காளையை மாத்திரம் வரையத் தொடங்கியவர், வேலை நடக்க நடக்கச் சீலையின் பக்கங்களிலும் மேலேயும் துண்டுகளை இணைத்துப் பெருப்பித்தார். பசு வந்தது, ஆடுகள் வந்தன, மரமும் மனிதரும் வானமும் வந்தன. ஒட்டுப்போட்ட இடங்களை ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர்.

படத்திலே குறையில்லாமலில்லை. மாடுகளை நன்கறிந்தவர்கள், இந்தக் காளையின் எல்லா உறுப்புகளும் ஒரே வயதுக்குரியவை அல்ல என்று காட்டியிருக்கிறார்கள். முன்பாகம் முதிர்ந்த காளையினது, பின்பாகம் இளையதினது. பல மாடுகளைப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து இந்த ஒன்றை அவர் உருவாக்கியிருக்கவேண்டும். 1876இல் ஒல்லாந்து ஓவியங்களைப் பற்றி நூலெழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பிரொமந்தன், இப்படத்தின் அமைப்பிலே பல குற்றங்களைக் கண்டார். எனினும் அந்த இளைஞரின் நேர்மைக்கு முன்னால் அவரும் தலைவணங்கினார். கற்றுக்கொண்டிருக்கும் ஒருவனின் பிழைகளும், பொய் சொல்ல மறுக்கும் ஒருவனின் உண்மையும் ஒரே சீலையில் இருக்கின்றன.

மாமனாரும் மாடுகளும்

1649இல் பொட்டர் ஹேக் நகருக்குக் குடிபெயர்ந்து, மேலே சொன்ன வான் கோயனுக்குச் சொந்தமான வீட்டிலே வாடகைக்கு அமர்ந்தார். அதே ஆண்டு வான் கோயனின் மகளை மணந்தவர் யான் ஸ்ரேன், கத்தோலிக்கர், குடும்ப வாழ்வின் குழப்பங்களையும் குதூகலங்களையும் வரைந்து பெயர்பெற்றவர். ஆக, அந்த வாய்க்காற்கரையிலே ஒருவர் ஆற்றை வரைந்தார், ஒருவர் மனிதரின் அமளியை வரைந்தார், ஒருவர் அமைதியான மாடுகளை வரைந்தார்.

அயலிலே பல்கனைண்டே என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் இருந்தார். அவருடைய மகள் அட்றியானாமீது பொட்டர் விருப்பங்கொண்டார். தந்தைக்கு முதலில் சம்மதமில்லை. மனிதரை வரைபவன் என்றால் மதிப்பு; மாட்டையும் ஆட்டையும் வரைபவனுக்கு மகளைக் கொடுப்பதா என்று அவர் தயங்கினாராம். அறிந்தவர்கள் எடுத்துச்சொன்ன பின்னரே இணங்கினார். 1650இல் திருமணம் நிறைவேறியது. இதனைப் பதிவுசெய்தவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்து ஓவியரின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த ஹௌபிராக்கன். நம் வீடுகளில் பெண்கொடுக்கும்போது நடக்கும் விசாரணைகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

மனைவியோடு மாலையில் உலாவப் போகும்போதும் பொட்டரின் சட்டைப்பையிலே ஒரு சிறு கொப்பி இருக்குமாம். வழியில் ஒரு கன்று தலையைத் திருப்பினால், ஓர் ஆடு காலை மடித்துப் படுத்தால், உடனே நின்று கீறிக்கொள்வாராம். பகலிலே தீந்தை வேலை; இரவிலே விளக்கொளியில் செப்புத் தகட்டு வேலை. சும்மா இருந்த பொழுது அவர் வாழ்விலே மிகக் குறைவு.

இளவரசிக்கு ஏற்காத பசு

ஹேக் நகரிலே ஒறேஞ் இளவரசரின் விதவையான அமாலியா வான் சோல்ம்ஸ் வாழ்ந்தார். கலைகளை ஆதரித்தவர். அவருக்காகப் பொட்டர் 1649இல் ஒரு பண்ணை முற்றத்தை வரைந்தாரென்று ஹௌபிராக்கன் கூறுகிறார். அருமையான படம். மரநிழல், மாடுகள், குதிரை, கோழி, வேலைசெய்யும் மனிதர் எல்லாம் உண்டு. ஆனால் நடுவே நின்ற பசு தன் இயற்கைக் கடனைக் கழித்துக்கொண்டிருந்தது! அரண்மனையைச் சேர்ந்தவர்கள் முகஞ்சுளித்தனர். இளவரசி நாள்தோறும் பார்க்கத் தகுந்த காட்சி இதுவல்ல என்று ஆலோசனை கூறப்பட, படம் திரும்பி வந்துவிட்டது.

ஓவியர் குறும்பு செய்தார் என்று நினைக்கவேண்டாம். மாட்டுப்பட்டியிலே வளர்ந்தவர் எவரும் அதில் ஆபாசம் எதையும் காணார். அரண்மனைக்கு வேண்டியிருந்தது கழுவித் துடைத்த கிராமம். பொட்டர் கொடுத்தது உள்ளபடியான கிராமம். தள்ளப்பட்ட அந்தப் படம் பிற்காலத்தில் ஜேர்மனியின் காசல் நகர மாளிகையிலே இடம்பெற்றது. 1806இல் பிரெஞ்சுப் படையினர் அதைக் கைப்பற்ற, நெப்போலியனின் மனைவி யோசெபீனிடம் போய்ச் சேர்ந்தது. அவர் இறந்த பின் ரஷியச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாந்தர் வாங்கினார். இன்று லெனின்கிராட் என்று ஒருகாலத்தில் அழைக்கப்பட்ட சென் பீற்றர்ஸ்பேர்க் நகரின் ஹெர்மிராஜ் நூதனசாலையில் அது இருக்கிறது. ஓர் இளவரசியின் சுவருக்கு ஆகாத பசு, ஒரு பேரரசனின் மாளிகைக்குள் புகுந்தது.

அதே நூதனசாலையில் பொட்டரின் இன்னுமொரு விசித்திரமான படம் உண்டு. பதினான்கு சிறு காட்சிகள் ஒன்றுசேர்ந்தது அது. சுற்றிலும் வேட்டைக் காட்சிகள். நடுவிலோ, மிருகங்கள் நீதிமன்றம் கூட்டி வேடனை விசாரித்து, அவனையும் அவனது நாய்களையும் தண்டிக்கின்றன. அக்காட்சிகளுள் ஒன்றில் புனித ஹூபேர்ட் இருக்கிறார். வேட்டையாடச் சென்ற இடத்தில் மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனந்திரும்பிய வேடர். புரட்டஸ்தாந்து நாட்டிலே நமது புனிதர் ஒருவர் இப்படி மிருகங்களின் நடுவிலே இடம்பிடித்திருக்கிறார்.

அம்ஸ்ரர்டாமில் இறுதி ஆண்டுகள்

1652இல் பொட்டர் அம்ஸ்ரர்டாமுக்குத் திரும்பினார். அவரை அங்கே அழைத்தவர் வைத்தியர் நிக்கொலாஸ் துல்ப். 1632இல் றெம்பிராண்ட் வரைந்த புகழ்பெற்ற உடற்கூற்றுப் பாடப் படத்திலே, பிரேதத்தின் கைத்தசையை இடுக்கியால் தூக்கிக் காட்டும் வைத்தியர் அவரே. உடலின் உள்ளமைப்பை ஆராய்ந்த அறிஞருக்கு, மிருகத்தின் உடலை இவ்வளவு நுணுக்கமாய் அறிந்த இளைஞரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. துல்பின் மகன் டிர்க் குதிரைமீது அமர்ந்திருக்கும் பெரிய படத்தை 1653இல் பொட்டர் வரைந்து முடித்தார்.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. கசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்திலே அதற்கு மருந்து இல்லை. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் நூறளவான ஓவியங்களையும், அவற்றைத் தவிரச் செப்புத்தகட்டுப் படங்களையும் செய்து முடித்த அந்தக் கை தளர்ந்தது. 1654 ஜனவரியில் பொட்டர் காலமானார். வயது 28. இளம் மனைவி விதவையானாள். அவ்வாண்டிலே பார்த்தலோமேயுஸ் வான் டெர் ஹெல்ஸ்ற் என்ற ஓவியர் தீட்டிய பொட்டரின் உருவப்படம் மொரிட்ஸ்ஹௌஸில் இருக்கிறது. வர்ணத்தட்டும் தூரிகைகளும் கையில் ஏந்தி, நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்.

ஜனவரி 17ஆந் திகதி அவரை அடக்கஞ்செய்த இடத்தை அறியும்போது நம் மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அது அம்ஸ்ரர்டாமில் முன்னொரு காலத்தில் திருத்தலம் என்று வழங்கிய கோயில். 1345இல் அவ்விடத்திலிருந்த வீடொன்றிலே மரணப் படுக்கையிலிருந்த ஒருவர் நன்மை வாங்கினார், ஆனால் வாந்தியெடுத்துவிட்டார். அது நெருப்பிலே கொட்டப்பட்டபோதும் திவ்ய அப்பம் எரியாமல் இருந்தது என்பது அவ்வூர்க் கத்தோலிக்கரின் பாரம்பரியம். அங்கே எழுந்த கோயிலுக்கு நெடுந்தூரத்திலிருந்து யாத்திரிகர்கள் வந்தார்கள். 1578இல் அம்ஸ்ரர்டாம் மதம் மாறியபோது அக்கோயிலும் கைமாறியது. 1908இல் அது இடிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அந்த நினைவை மறவாத கத்தோலிக்கர் 1881 முதல் மார்ச் மாதத்து இரவொன்றிலே, கொடியுமின்றிப் பாட்டுமின்றி, மௌனமாக அவ்விடத்தைச் சுற்றி நடந்து செபித்து வருகின்றனர்.

அக்கோயிலை ஒட்டி ஓடும் தெருவின் பெயர் கல்வர்ஸ்திராற். அதன் பொருள் கன்றுத் தெரு. பழங்காலத்திலே கன்றுகளை விற்ற சந்தை அங்கே கூடியது. மாடுகளை வரைந்தவர் கன்றுத் தெருவின் ஓரத்திலே, திவ்ய நற்கருணையின் நினைவு தங்கிய மண்ணிலே துயில்கொண்டார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

காளையின் பயணம்

பெரிய காளையின் படம் 1749இல் ஓர் ஏலத்திலே 630 கில்டருக்கு ஒறேஞ் குடும்பத்தவரான நான்காம் வில்லியத்துக்கு வாங்கப்பட்டது. 1795இல் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்துக்குள் புகுந்து அதைப் பாரிசுக்குக் கொண்டுபோயின. லூவர் மாளிகையிலே பல நாடுகளிலிருந்தும் கவர்ந்துவந்த படங்களுள் மதிப்பில் முதல் மூன்றும் றபாயேலின் கர்த்தர் உருமாறிய காட்சி, டொமெனிக்கீனோவின் புனித எரோணிமுசின் கடைசி நன்மை, திசியானின் வேதசாட்சியான புனித பீற்றரின் மரணம் என்றும், நான்காவது பொட்டரின் காளை என்றும் சொல்வதுண்டு. 1815இல் நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் காளை நாடு திரும்பியது. 1822இல் மொரிட்ஸ்ஹௌஸ் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது முதல் மக்கள் அதை அங்கே பார்த்துவருகிறார்கள்.

உள்ளதும் இல்லாததும்

வாசகரே, பொட்டரின் படங்களிலே இல்லாதவற்றையும் சொல்லிவிடுவதே நேர்மை. வாய்க்கால் தோண்டியவனின் முதுகுவலி அங்கே குறைவு. அணை உடைந்து வெள்ளம் புகுந்த இரவு அங்கே இல்லை. நிலம் நகரத்து வர்த்தகனுக்குச் சொந்தம் என்பதும், அவன் செல்வத்தின் ஒரு பங்கு நமது கடல்களிலிருந்து வந்தது என்பதும் அந்தப் புல்வெளியைப் பார்த்துத் தெரியவரா. நகர வீட்டுச் சுவரிலே தொங்கிய இத்தகைய படங்கள், கடன்கணக்குப் பார்த்துக் களைத்தவனுக்கு ஓய்வு தரும் ஒரு ஜன்னலாகவே பெரும்பாலும் இருந்தன. 80 ஆண்டு யுத்தம் முடிந்து 1648இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தான நாட்களிலே அமைதியான மேய்ச்சல் நிலம் எல்லாருக்கும் இனித்தது. கிராமத்தைத் தூரத்திலிருந்து இரசிப்பது வேறு. கிராமத்தானின் பாட்டை அறிவது வேறு. யுத்தத்தையும் இடம்பெயர்வையும் கண்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடவேண்டியிருந்த நமக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

ஆனால் உள்ளதைப் பாருங்கள். அதுவரை ஒரு மன்னனுக்கோ புனிதருக்கோ ஒதுக்கப்பட்ட சீலையை அவர் ஒரு நாம்பனுக்குக் கொடுத்தார். அதற்குச் சிறகு வைக்கவில்லை, அதைப் பேசவைக்கவில்லை, கதையொன்றுக்குள் இழுத்துச் செருகவுமில்லை. முதுகிலிருந்த ஈயைக் கூட விரட்டவில்லை. அது இருந்தபடியே இருப்பதற்கு இடம் கொடுத்தார். ஆண்டவர் படைத்த ஒன்றை, அது நமக்குப் பால் தரும், வண்டி இழுக்கும் என்ற கணக்கையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, அப்படியே பொறுமையாகப் பார்ப்பதற்கு எவ்வளவு அன்பு வேண்டும்! பாலன் குடிலிலே பின்வரிசையில் மூச்சுவிட்டுக்கொண்டு நின்ற அந்த மாட்டைத்தான் பொட்டர் முன்னே அழைத்து வந்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை கணக்குக் கொப்பியின் பின்பக்கத்திலே ஆட்டையோ மாட்டையோ கீறிக்கொண்டிருந்தால், பல்கனைண்டேயைப்போல முகத்தைச் சுளிக்காதீர்கள். அருகே அமர்ந்து, காது சரியான இடத்தில் இருக்கிறதா, கால் மடியும் இடம் சரியா என்று சேர்ந்து பாருங்கள். ஒருமுறை பட்டியடிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். படிப்பு அதனால் கெட்டுவிடாது.

பொட்டருக்குக் கிடைத்தவை 28 ஆண்டுகள். நீண்ட ஆயுள் அவருக்கு அருளப்படவில்லை. அருளப்பட்ட நாட்களிலே சட்டைப்பையில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, மாலை உலாவிலும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அவர் கண்ட காளை மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்தப் புல்வெளியிலே நிற்கிறது. அதன் தலைக்கு மேலே வானம்பாடி இன்னும் இறங்கவில்லை.